தேனீயும் நக்கீரரும்

குழந்தைகளே, நீங்க மைன்கிராஃப்ட் விளையாடுவீங்களா? 2019-ஆம் ஆண்டில் அந்த விளையாட்டுக்குள் தேனீக்கள் வந்தன. கூட்டை உடைத்தால் துரத்தும். கொட்டிய தேனீ கொஞ்ச நேரத்தில் இறந்துவிடும்.

முதலில் ஒரு சொல். தேன் + ஈ = தேனீ. யாங்கோன் கடையில் தேனை எப்படிக் கேட்போம்? 'பியா யே'. பர்மிய மொழியில் 'பியா' என்றால் தேனீ, 'யே' என்றால் சாறு. தமிழில் தேனை வைத்துத் தேனீக்குப் பெயர். பர்மிய மொழியில் தேனீயை வைத்துத் தேனுக்குப் பெயர். வேடிக்கையா இருக்கு, இல்லையா?

இப்போது ஒரு பழைய கதை. மதுரையில் பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? பதில் சொல்பவருக்கு ஆயிரம் பொற்காசு! தருமி என்ற ஏழைப் புலவருக்குச் சிவபெருமான் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பாட்டில் ஒருவன் தேனீயிடம் பேசுகிறான். "நீ எத்தனையோ பூக்களைப் பார்த்திருக்கிறாய். இவள் கூந்தலைவிட மணமான பூ உண்டா? எனக்குப் பிடித்த பதில் வேண்டாம், உண்மையைச் சொல்" என்று கேட்கிறான். இந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக இருக்கிறது. அதில் தேனீயின் பெயர் 'தும்பி'. இன்று நாம் தும்பி என்று சொல்வது வேறு பூச்சி.

சபையில் நக்கீரர் எழுந்தார். "கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை. பாட்டில் பிழை இருக்கிறது" என்றார். சிவனே நேரில் வந்து நெற்றிக்கண்ணைத் திறந்தார். அப்போதும் நக்கீரர் தன் சொல்லை மாற்றவில்லை. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் இதைப் பார்க்கலாம். தருமியாக நாகேஷ் நடித்தார். பாட்டி தாத்தாவிடம் கேட்டுப் பாருங்க, சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க!

நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவன். எங்கள் வேலையில் பிழை நிறைய வரும். விளையாட்டிலும் எல்லாம் உண்மை இல்லை. வாங்க, நக்கீரர் மாதிரி சோதிப்போம்.

• புகை போட்டால் தேனீ அமைதியாகும். உண்மை.
• நம்மைக் கொட்டிய தேனீ இறந்துவிடும். உண்மை.
• ஒரு கூட்டில் மூன்று தேனீதான். தவறு. ஆயிரக்கணக்கில் இருக்கும், ராணித் தேனீயும் உண்டு.
• தேனீ மேலே பறந்தால் பயிர் உடனே வளரும். தவறு. தேனீ மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு போகும். அதனால் காயும் விதையும் உண்டாகும்.

ஒருநாள் நான் பலகையில் 'தேணீ' என்று எழுதிவிட்டேன். நான் வெளிநாட்டில் படித்தவன், தமிழை வீட்டில்தான் கற்றேன். வகுப்பே அமைதியாக இருந்தது. கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் பயந்துகொண்டே கை தூக்கினாள். "சார், அது மூணு சுழி இல்லை, ரெண்டு சுழி" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. உடனே திருத்தினேன். நீங்களும் சொல்லுங்க. மரியாதையாகச் சொல்லுங்க, ஆனா சொல்லாம இருக்காதீங்க.

பயிற்சி
1. தேனீ என்ற சொல்லைப் பிரித்து எழுதுக.
2. நக்கீரர் ஏன் பயப்படவில்லை?
3. நீங்கள் விளையாடும் ஒரு விளையாட்டில் உண்மை ஒன்று, தவறு ஒன்று எழுதுக.
4. இந்தப் பாடத்தில் பிழை இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்!