கணினிக் கல்வி: திருப்பித் தரும் 'ஃபங்ஷன்'



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி வேலையை நம்பிப் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு 'பைத்தான்' என்ற கணினி மொழியும் பாடமாக வருகிறது. அதில் வரும் 'ஃபங்ஷன்' என்பதை நம் குழுக் கணக்கை வைத்தே புரிஞ்சுக்கலாம்.

ஒரு வேலைக்குப் பேர் வைத்து எழுதி வைப்பதுதான் ஃபங்ஷன். 'வட்டி' என்று ஒன்று எழுதுவோம். 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வட்டி. அடைப்புக்குறிக்குள் கடன் 10,000, மாதம் 3 என்று கொடுத்தால், உள்ளே கணக்குப் போட்டு 300 என்று கண்டுபிடிக்கும்.

அது மட்டும் போதாது. 'பிரிண்ட்' என்று எழுதினால் 300 திரையில் தெரியும், அவ்வளவுதான். 'ரிட்டர்ன்' என்று எழுதினால்தான் அந்த 300 நம் கைக்கு வரும்; அசலோடு கூட்டி 10,300 என்று போடலாம். ரிட்டர்ன் விட்டுப்போனால் கைக்கு வருவது 'நன்', அதாவது ஒன்றுமில்லை. அதை அசலோடு கூட்டச் சொன்னால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். வட்டியை வாயால் சொல்லிவிட்டுப் பேரேட்டில் எழுதாமல் போனால், நாம் மட்டும் கூட்டுத்தொகை போட முடியுமா?

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ்க் கணினி மொழியில் ரிட்டர்னுக்குப் பேர் 'பின்கொடு'. பேரிலேயே பொருள் இருக்கு.

பயிற்சி: கடன் 5,000, மாதம் 4. வட்டி எவ்வளவு திரும்பி வரும்? அசலோடு சேர்த்தால் எவ்வளவு? பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்க. அப்படியே உங்க பாஸ்புத்தகத்தையும் சரிபார்த்துக்கலாம்.