பையோடு வகுப்பறைக்கு

கேள்வி: குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் மலம் சேரும் கொலாஸ்டமி பை வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். பாடம் நடத்தும்போது வாடையோ சத்தமோ வந்துவிட்டால்? எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டுமா? — ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: தைரியமாகப் போங்கள், டீச்சர். சரியாக ஒட்டிய பையிலிருந்து வாடை வெளியே வராது. வந்தால் ஓரத்தில் கசிகிறது என்று அர்த்தம், உடனே மாற்றிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்தால் பெரும்பாலும் கசியாது. பை மாற்றுவதைக் காலையில், சாப்பிடுவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். குடல் அமைதியாக இருக்கும் நேரம் அது.

சத்தம் வரும்போலத் தோன்றினால், புத்தகம் பிடித்த கையால் சேலைக்கு மேலேயே ஸ்டோமாவை, அதாவது வயிற்றில் குடல் திறக்கும் வாயை, லேசாக அழுத்துங்கள், அடங்கிவிடும். 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் யார் காதிலும் விழப்போவதில்லை! முட்டைக்கோஸ், மொச்சை, சோடாவை விடுமுறை நாளுக்குத் தள்ளிவையுங்கள். பாவாடை நாடா ஸ்டோமாவின் மேல் இறுகாமல் சற்று ஏற்றியோ இறக்கியோ கட்டுங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. கைப்பையில் ஒரு மாற்றுப் பை, ஈரத் துடைப்பான், குப்பைக்கு ஒரு கவர். ஓய்வறை அலமாரியில் ஒரு மாற்றுச் சேலை.

எல்லோரிடமும் எதற்குச் சொல்ல வேண்டும்? தலைமை ஆசிரியரிடமும் பக்கத்து வகுப்பு டீச்சரிடமும் சொன்னால் போதும். நீங்கள் பத்து நிமிடம் எழுந்து போனாலும் அவர் பார்த்துக்கொள்வார். ஆபரேஷன் ஆன வயிறு, கனமான நோட்டுக் கட்டுகளை மட்டும் நீங்கள் தூக்காதீர்கள்.