விழாக் கூட்டத்தில் ஒரு மேசை: தொண்டராக நிற்கும் பெண்களுக்கான பாடம்



கடன், வட்டி, தரம் பிரித்தல் எல்லாம் போன இதழ்களில் பார்த்தாயிற்று. இந்த முறை குழுக் கூட்டத்தில் படித்துப் பேச வேறு ஒரு பாடம்.

மே மாதம் பிறந்தால் ஏற்காட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி என்று கோடை விழா நடக்கும். சேலத்திலிருந்து வரும் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசைதான். சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதத்தில் வருகிறது. மிளகு, காபித்தூள், தேன் என்று கடை போடுவது நம் குழுக்களுக்குப் பழகின வேலை. ஆனால் விற்க ஒன்றுமே இல்லாத மேசையும் உண்டு. கிராம சபைக்கு வாங்க, வன உரிமைக்கு மனுப் போடுங்க, செலவுக் கணக்கைக் கேளுங்க என்று சொல்லும் மக்கள் அமைப்புகளின் மேசை அது. "ஒரு நாள் நின்னு குடும்மா" என்று அவர்கள் முதலில் தேடி வருவது நம் ஊக்குநரையும் பிரதிநிதியையும்தான். நாலு பேர் முன்னால் பேசவும், நோட்டில் கணக்கு எழுதவும் குழுவில்தானே கற்றோம்!

போகலாமா, போனால் என்ன செய்வது என்று வாழவந்திப் பக்கத்து உறுப்பினர்கள் கேட்கிறார்கள். போகலாம் என்பதே நம் கருத்து. ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் பழையவை. மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022-இல் அறிவித்துச் சேர்த்தவை. கூடினால் மட்டும் போதாது, ஆள் கணக்கும் வேண்டும். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். மலையில் இது லேசான காரியம் இல்லை. ஒரு ஊராட்சி என்றால் பத்து இடத்தில் சிதறிய குக்கிராமம். எஸ்டேட் வேலைக்குப் போனவர் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். கடைசியில் மேடைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் பேசுவதே ஊர்த் தீர்மானம் ஆகிறது. தூரத்துக் குக்கிராமத்துப் பெண்ணின் தண்ணீர்ப் பிரச்சினை அதில் ஏறுவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பம், அனுபவத்தில் உள்ள அளவுக்கு, அதிகம் போனால் 4 ஹெக்டேர் வரை, உரிமை கேட்கலாம். கணவன் மனைவி உள்ள வீட்டில் அந்த உரிமைப் பத்திரம் இரண்டு பேர் பெயரிலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தனித்து வாழும் பெண் குடும்பத் தலைவி என்றால் அவர் பெயரிலேயே வரும். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றினால் இந்தப் பத்திரம் கொடுப்பது பல வருடம் முடங்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி திறந்தது. மனுவை முதலில் வாங்கிப் பரிசீலிப்பது கிராம சபை. அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். "நெலம் அவரு பேருல இருந்தா என்ன, எம் பேருல இருந்தா என்ன" என்று சொல்லும் சகோதரிகள் நம்மிடமும் உண்டு. வீட்டுக்காரர் காலமான பின் பங்காளிகள் வாசலில் வந்து நின்ற வீடுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

ஆக, அந்த மேசையில் நிற்பது ஒப்புக்கு நிற்பது இல்லை.

இப்படி மேசையும் பந்தலும் போட்டு ஆள் சேர்ப்பது புதுசும் இல்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர் விவசாயிகள் அமைப்பு 1990 மே 1-இல் தொடங்கியது. ஆண்டுதோறும் மே தினத்தில் பீம் என்ற ஊரில் மேளா நடத்துவது அவர்கள் வழக்கம். பாட்டு, பொம்மலாட்டம் என்று திருவிழா மாதிரியே இருக்கும். அருணா ராயும் அவரோடு இருந்தவர்களும் கிராமத்துக் கூலிவேலைச் செலவின் ரசீதுகளை ஊர் நடுவில் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். முதல் பொது விசாரணை 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் நடந்தது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்துத் தெருவில் 40 நாள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். போகிற வருகிறவர்கள் காய்கறியும் தானியமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் இருந்த சுசீலா என்ற பெண் நாலாம் வகுப்பு வரை படித்தவர். தகவல் உரிமை உங்களுக்கு எதற்கு என்று பத்திரிகைக்காரர் கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்றும் பேசப்படுகிறது. பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் கோடிக்கணக்கில் செலவு செய்யும் அரசிடம் கேட்கக் கூடாதா என்றாராம். இந்தக் கேள்வியை நம் குழுவில் உள்ள எந்தப் பெண்ணும் கேட்பாள், வாரா வாரம் சேமிப்புக் கணக்கை நோட்டில் பார்க்கிறவள்தானே. 2005-இல் நாடு முழுதுக்குமான தகவல் உரிமைச் சட்டம் வந்தது. இன்று 10 ரூபாய் கட்டணத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்றால் கட்டணமே இல்லாமல், மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். (இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. 1997-லேயே தகவல் உரிமைக்கு மாநிலச் சட்டம் போட்டது தமிழ்நாடு.)

சரி, மேசையில் நின்றால் என்ன பேசுவது?

முதலில் எங்கே நிற்பது என்று யோசியுங்கள். பூங்கா வாசலில் கூட்டம் பெரிது, ஆனால் நம் ஊர் ஆள் குறைவு. சேலத்திலிருந்தும் வெளியூரிலிருந்தும் வருகிறவர் நம் கிராம சபைக்கு வரப்போவதில்லை. அவர் கையில் தாளைக் கொடுத்தால் அது கொஞ்ச தூரத்தில் தரையில் கிடக்கும். நம் மக்கள் நிற்பது பேருந்து நிறுத்தத்திலும், ரேஷன் கடையிலும், சேர்வராயன் கோயிலுக்கு ஏறும் வழியிலும்தான். கூப்பிடும் அமைப்பிடம் இதை நாமே எடுத்துச் சொல்லலாம், இடம் நமக்குத்தானே தெரியும்.

அடுத்து, "கிராம சபை மிகவும் முக்கியம்" என்று தொடங்கினால் எதிரில் உள்ளவர் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார். "அக்கா, எந்த ஊரு? உங்க பக்கம் தண்ணி எப்ப வருது?" என்று கேளுங்கள். அவரே பேசுவார். பேசுவதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, "இதை ஆகஸ்ட் 15 கிராம சபையில சொல்லலாமா? நானும் கூட வர்றேன்" என்று சொன்னால் போதும். ஒருவரிடம் ஒரே விஷயம்தான். தண்ணீர் கேட்டவரிடம் தகவல் சட்டம், வன உரிமை, ஓய்வூதியம் எல்லாவற்றையும் கொட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது.

நம்மைப் பார்த்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி "லோனாம்மா?" என்பதுதான். லோன் இல்லை, இங்கே எதுவும் கொடுக்க மாட்டோம் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், வங்கிப் புத்தகம் எதையும் வாங்காதீர்கள். குழுப் பெண் கேட்கிறாள் என்ற நம்பிக்கையில் நீட்டிவிடுவார்கள். மனுவில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதானால், படிக்கத் தெரியாதவருக்கு முழுதும் வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்ட பிறகுதான்.

நோட்டில் ஐந்து கட்டம் போதும்: பெயர், குக்கிராமம், பிரச்சினை, கிராம சபைக்கு வருவாரா, அன்று யார் போய்க் கூப்பிடுவது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் மற்ற நான்கையும் எழுதி என்ன பயன்? எத்தனை தாள் கொடுத்தோம் என்பதை அமைப்புக்காரர்கள் எண்ணிக்கொள்ளட்டும். நாம் பார்க்க வேண்டியது, அந்த நோட்டில் உள்ளவர்களில் எத்தனை பேர் சபையில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதையே. வந்தவர் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். குழுக்களின் தேவையைத் தொகுத்துக் கிராம சபையில் வைக்கும் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கும் இந்த நோட்டு உதவும்.

கூலி விஷயம். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் எஸ்டேட் கூலி போகும். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அரை நாள் முறை வைத்து, எப்போதும் இரண்டு பேராக, ஊருக்குக் கடைசிப் பேருந்து பிடிக்கும்படி நில்லுங்கள். பஸ் செலவும் சாப்பாடும் வாங்கலாம். அதற்கு மேல் பணம் வாங்கினால் அது வேலை, தொண்டு இல்லை. வேலையாகச் செய்வதும் தவறில்லை, கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கட்சி மேசையில் நிற்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஓட்டுள்ள எந்தப் பெண்ணும் தனக்குப் பிடித்த கட்சிக்கு உழைக்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் குழுவின் பெயர், குழுவின் பேனர், உறுப்பினர் பட்டியல் மூன்றும் அங்கே போகக் கூடாது. ஒரே குழுவில் மூன்று கட்சிக்காரர்கள் சேர்ந்து சேமிக்கிறோம். ஒருவர் துண்டைக் குழுவுக்குப் போர்த்தினால் மற்ற இருவர் சேமிப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "கூட்டத்துக்கு வரலைன்னா அடுத்த லோன்ல பேரு வராது" என்று எந்த ஊக்குநரும் சொல்லக் கூடாது. யாராவது சொன்னால் கூட்டமைப்பிடம் சொல்லுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்க நேர்ந்தால் அதில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெயரில்லாத தாளைக் கையில் வாங்கவே வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேச:

கடந்த கிராம சபைக்கு நம் குழுவிலிருந்து எத்தனை பேர் போனோம்? போகாதவர்களுக்குத் தடையாக இருந்தது தூரமா, கூலியா, வீட்டு அனுமதியா?

நம் வீட்டு நிலப் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது? தெரியாதவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் பார்த்துவிட்டு வரவும்.

அடுத்த விழாவில் மேசை போட்டால் நம் குழுவிலிருந்து நிற்கப் போகும் இருவர் யார்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, மாதக் கூட்டத்தில் கூட்டமைப்புச் செயலாளரிடம் கொடுக்கவும்.