நிழலில் வளர்ந்த நாயும் நிழலில்லாத தீவும்

நெய்வேலி நாய் நிழலில் வளர்ந்தது. பிளாக்குக்குப் பிளாக் அகலமான சாலை, இருபுறமும் மரம், குவார்ட்டர்ஸ் வாசலில் மாமரமோ வேம்போ. 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகும், டவுன்ஷிப்பில் நிழலுக்குப் பஞ்சம் வந்ததில்லை. சித்திரை மாதத்திலும் காலை எட்டு மணிக்கு நாயோடு நிதானமாக நடப்பவர்களை இங்கே பார்க்கலாம்.

அந்த நாயை விடுமுறைக்கு ராமேசுவரம் தீவுக்கு அழைத்துப்போய் நாலு நாள் நடக்கலாம் என்று நினைப்பது நல்ல யோசனைதான். படகு வேண்டாம், விமானம் வேண்டாம். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப்பாலத்தில் ஏறி இறங்கினால் தீவு. ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. ஆனால் அங்கே நிழல் கிடையாது. மணல், காற்று, உப்பு, ஆங்காங்கே உடை மரமும் பனையும். கீழே சொல்வதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

கிளம்பும் முன்பு செய்ய வேண்டியவை

மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல், மே பற்றிப் பேசவே வேண்டாம். ஆடிக் காற்றில் தனுஷ்கோடி மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். நமக்கு முழங்கால் உயரம் என்றால் நாய்க்கு அது கண், மூக்கு, காது.

ஒத்திகை பாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் நமக்கு ஒரு மணி நேரத் தொலைவு. விடிவதற்குள் போய் அரை மணி நேரம் மணலில் நடத்திப் பாருங்கள். தார்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் அலட்டாமல் நடக்கிற லாப்ரடார், மணலில் இரண்டு கிலோமீட்டரில் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடும். அலையைக் கண்டு மிரளும் நாயா, அலைக்குள் பாயும் நாயா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா, எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். உண்ணி மருந்தைப் பயணத்துக்கு முந்தின நாள் கொடுக்காமல், கால்நடை மருத்துவரைக் கேட்டுச் சில நாட்கள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

தங்குமிடத்தில் போன் போட்டு, நாய் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ராமேசுவரத்து விடுதிகள் பெரும்பாலும் யாத்திரை வருபவர்களுக்கானவை. வாசலில் நின்று கெஞ்சினால் நடக்காது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தோட்டத்தோடு கூடிய இடம் தேடினால் வாய்ப்பு அதிகம்.

எந்த நாயை அழைத்துப்போகக் கூடாது

பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களைக் கூட்டிப்போகாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே விடுகிறது. மூச்சுப் பாதை குறுகலான நாய்க்கு அந்த வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. ஹஸ்கியை நெய்வேலியில் வளர்ப்பதே எனக்கு உடன்பாடில்லை, தீவுக்கு வேறா!

கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் தென்மாவட்ட வெயிலில் உருவான இனங்கள். நன்றாகத் தாங்கும். ராஜபாளையமும் அந்த மண்தான். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை போட்டுப் பெருமைப்படுத்திய இனம். ஆனால் வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல், மூக்கும் அதே நிறம். வெயில் பட்டால் மூக்கு வெந்து தோல் உரியும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் வேறொரு சிக்கல்: வேட்டைக்கென்று வளர்த்த நாய்கள், எது ஓடினாலும் பின்னால் ஓடும். தீவில் ஓடுகிறவை நிறைய இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வயது ஆகாத குட்டி, கிழட்டு நாய், சினைப்பட்ட நாய் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ரயிலா, காரா

கார். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். விடியற்காலை நாலு மணிக்குள் கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கித் தண்ணீர் காட்டினால் போதும். வழியில் சாப்பிடப் போகும்போது நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தாலும் கூடாது. ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடுங்கள்.

ரயிலில் ஆசை இருந்தால் விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே நெட்டுக்குத்தாக மேலே எழும்புகிறது. பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது! ஆனால் ஸ்லீப்பர், ஏசி மூன்றடுக்கு, இரண்டடுக்குப் பெட்டிகளில் நாய்க்கு அனுமதி இல்லை. முதல் வகுப்பில் இரண்டு அல்லது நான்கு படுக்கை கொண்ட அறை முழுவதையும் நீங்களே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. இரும்புக் கூண்டுக்குள் ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடந்து வந்த நாயை மறுநாள் காலை நடக்கச் சொல்வது நியாயமே இல்லை.

நடக்கும்போது செய்ய வேண்டியவை

இருட்டோடு கிளம்புங்கள். ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிறது. ஐந்தரைக்கு அடி எடுத்து வைத்தால் எட்டு, எட்டரைக்குள் அன்றைய நடை முடிந்துவிட வேண்டும். மாலையில் ஐந்துக்குப் பிறகு கொஞ்ச தூரம். நடுவில் அறையில் மின்விசிறிக்கு அடியில் தூக்கம். உங்களுக்கு அலுப்பாக இருந்தால் கலாம் நினைவிடத்தையோ கோயிலையோ பார்த்துவிட்டு வாருங்கள், ஒருவர் நாயோடு இருக்கட்டும்.

புறங்கையைத் தரையில் வையுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. 2017-இல் அரிச்சல்முனை வரை போட்ட தார்ச்சாலை வண்டிக்கு அருமையான சாலை. பத்து மணிக்கு மேல் நாய்க்கு அது அடுப்பு.

தண்ணீரை இங்கிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். சும்மா இருக்கிற நாளிலேயே ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி வேண்டும். 25 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டர். நடக்கிற நாளில் அதைப்போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். அந்த ஊற்றில் நாயை வாய் வைக்க விடாதீர்கள். அவர்கள் மொண்டு கொடுத்தால் உங்கள் கிண்ணத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீவை நீளவாக்கில் ஒரே மூச்சாக நடக்கும் வீம்பு வேண்டாம். கோயிலிலிருந்து அரிச்சல்முனைக்கு மட்டும் சுமார் 20 கிலோமீட்டர். துண்டு துண்டாக நடங்கள். முதல் நாள் தங்கச்சிமடத்துப் பக்கம், தென்னையும் மல்லிகை நாற்றுப் பதியங்களும் உள்ள உள்வழி. தீவில் நிழல் என்று ஏதாவது இருந்தால் அங்கேதான். இரண்டாம் நாள் கந்தமாதன பர்வதம், ராமர் பாதம் வரை. தனுஷ்கோடியைக் கடைசிக்கு வையுங்கள், கோதண்டராமர் கோயில் வரை காரில் போய் அங்கிருந்து நடங்கள்.

சூடு ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், அடர்சிவப்பு ஈறு, தள்ளாட்டம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், 41 தொட்டால் உயிருக்கு ஆபத்து. இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, விசிறிவிட்டு, வண்டியில் ஏற்றுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

கடற்கரையில் செய்யக்கூடாதவை

கயிற்றை அவிழ்க்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

காரணம் பல. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். இரண்டும் சேரும் அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும். மனிதர்களே குளிக்கக் கூடாத இடம், நாய் நீந்திக் கரை சேராது. பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடும் காலம் ஜனவரியில் தொடங்குகிறது. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழியை நாய் மோப்பம் பிடித்து ஒரு நிமிடத்தில் தோண்டிவிடும். குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியை அவற்றுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெகுதூரம் பறந்து வந்து சேற்றில் இரை தேடும் பறவைக் கூட்டத்தை ஒரு சிப்பிப்பாறை துரத்துவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். நாய் துரத்தத் துரத்த அந்தப் பறவைகளுக்கு இரையெடுக்கும் நேரம் போகிறது. சரணாலய எல்லைக்குள் நாயோடு நுழையாமல் சாலையோரமாகவே நடந்துவிடுங்கள்.

கரையில் கிடக்கும் மீனைத் தின்ன விடாதீர்கள். கரைவலை இழுத்தபின் விலைபோகாதவற்றை மணலில் எறிந்திருப்பார்கள். அதில் பேத்தை மீன் இருக்கும். பந்துபோல் உப்பிக் கிடப்பதால் நாய்க்கு விளையாட்டுப் பொருளாகத் தெரியும். அதன் நஞ்சு நரம்பையும் தசையையும் செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்திவிடும், மாற்று மருந்து கிடையாது. காய்ந்த கெளுத்தியின் முள் பாதத்தில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. சொறி மீனை முகர்ந்தால் மூக்கு வீங்கும்.

கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். நாலு வாய் குடித்தால் வாந்தி, பேதி. நிறையக் குடித்தால் உப்பு மூளையைத் தாக்கும். தாகத்தோடு அலைக்கருகே கூட்டிப்போனால் குடிக்காமல் இருக்காது, அதனால் முதலில் நல்ல தண்ணீர், பிறகு அலை.

விரித்து உலர்த்திய வலை, கருவாடு, கடல்பாசி இவற்றின் பக்கமே போகாதீர்கள். பாசி எடுக்கும் பெண்கள் நாள் முழுக்க முங்கி எடுத்ததை உங்கள் நாய் காலைத் தூக்கி ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

அக்னி தீர்த்தக் கரைக்கு நாயோடு போகவே போகாதீர்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ திதி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வைத்த பிண்டத்தை நாய் கவ்விக்கொண்டு ஓடினால் நீங்கள் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பீர்கள்? தனுஷ்கோடி இடிபாடுகளிலும் அப்படித்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஒரு ரயிலே ஆட்களோடு போன ஊர் அது. இடிந்த மாதாகோயில் சுவரை நாய் நனைக்கும் இடமாக்காதீர்கள்.

குருசடைத் தீவுக்குப் படகில் நாயை ஏற்றும் எண்ணம் வேண்டாம். பாம்பனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. அங்கே வீட்டு நாய்க்கு வேலை இல்லை.

தெருநாய்க் கூட்டம் எதிரே வந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தூக்கித் தோளில் போடவும் செய்யாதீர்கள். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, வந்த வழியே நிதானமாகத் திரும்புங்கள். உங்களுக்குக் கடிபட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்குப் பட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரும்பிய பிறகு

ஒவ்வொரு நாள் நடை முடிந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, விரலிடுக்கில் சீமைக்கருவேல முள் இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள் மணல் இருந்தால் பஞ்சுக் குச்சியை உள்ளே விடாமல் ஈரத்துணியால் வெளியே மட்டும் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் காது மடிப்பிலும் வாலடியிலும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்தும் வரும். அதற்குள் நாய் சோறு வைத்தும் திரும்பிப் பார்க்காமல் படுத்திருந்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால், தீவுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.