கிம்ப்புக்கு போட்டோஷாப் முகம்

கேள்வி: ஜமுனாமரத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கை போட்டோஷாப்பிலேயே பழகிவிட்டது. சந்தா கட்டி மாளவில்லை. கிம்ப் மென்பொருளை அதுபோல மாற்ற முடியுமா?
– வாசகர், ஜவ்வாது மலை

பதில்: தாராளமாக முடியும். பிரேசிலின் டியோலினக்ஸ் குழு இதற்கென்றே 'போட்டோகிம்ப்' என்ற அமைப்புக் கோப்புகளை இலவசமாகத் தருகிறது. கருவிகளின் இடம், ஷார்ட்கட் விசைகள் எல்லாம் போட்டோஷாப் வரிசைக்கு வந்துவிடும். மலையில் இணையம் சரியாக வராவிட்டால் திருவண்ணாமலைக்கோ போளூருக்கோ போகும்போது பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கிம்ப் பதிப்புக்குப் பொருந்துவதா என்று பார்த்து எடுங்கள். பழைய அமைப்புக் கோப்புறையை நகலெடுத்து வைத்த பிறகே மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் விசைகளை மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. கண்ட்ரோல்-டி அழுத்தினால் போட்டோஷாப்பில் செலக்‌ஷன் நீங்கும். கிம்ப்பிலோ படத்துக்கு இன்னொரு நகல் திறக்கும். கை தடுமாறுவது இங்கேதான். எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் போய், 'நன்' என்ற கட்டளைக்குக் கண்ட்ரோல்-டியைக் கொடுங்கள்.

 

முகம் மாறினாலும் சில குணங்கள் மாறாது. சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்புதான் கிடைக்கும். வாடிக்கையாளருக்கு ஜேபெக் தர 'எக்ஸ்போர்ட் ஆஸ்' போக வேண்டும். பழைய பிஎஸ்டி ஆல்பங்கள் திறக்கும், ஆனால் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் அப்படியே வரும் என்று நம்பாதீர்கள். கல்யாண ஆல்பம் கையில் இருக்கும் மாதத்தில் மாற வேண்டாம். ஓய்வான நாட்களில் பாஸ்போர்ட் படங்களில் தொடங்குங்கள்.