ஓடுவது யார்? பேசுவது யார்?



சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் எண்ணூர்ப் பக்கம் ஒரு விழிப்புணர்வு ஓட்டம் நடந்தது. "வறுமையை விரட்டுவோம்" என்று பேனர். வெளியிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் வெள்ளை பனியன், தொப்பி. எங்கள் குழுவுக்கும் அழைப்பு வந்திருந்தது. ஓடுவதற்கு அல்ல, தண்ணீர் பாக்கெட் கொடுப்பதற்கு!

வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்த ஒரு தம்பி பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றார்.

"எதுக்குப்பா ஓடுறீங்க?" என்று கேட்டேன்.

"வறுமைக்கு, ஆன்ட்டி."

யாரோட வறுமைக்கு என்று கேட்பதற்குள் அவர் போய்விட்டார். பத்து மணிக்கெல்லாம் ரோடு காலி. கிழிந்த பாக்கெட்டுகளைப் பொறுக்கியதும் நாங்கள்தான்.

இப்படி ஓடுவதால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1986 மே 25 அன்று 89 நாடுகளில் சுமார் 2 கோடி பேர் ஒரே நாளில் ஓடினார்கள். ஆப்பிரிக்காவில் பஞ்சத்தால் மக்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. சூடான் நாட்டு ஓட்டக்காரர் ஒமர் கலீஃபா, அங்கிருந்த ஓர் அகதி முகாமில் தீப்பந்தம் ஏற்றிக்கொண்டு, பல நாடுகள் வழியாக நியூயார்க்கில் உள்ள ஐ.நா. சபை வரை கொண்டுபோனார். உலகமே திரும்பிப் பார்த்தது. நிதியும் கோடிக்கணக்கில் சேர்ந்தது. ஆனால் முகாமில் பட்டினி கிடந்தவர்கள் ஓடவில்லை, அவர்களுக்காக மற்றவர்கள் ஓடினார்கள்.

ஏழைகளே களத்தில் இறங்கினால் என்ன ஆகும்? இதற்கு உதாரணம் தேடி நாம் வெளிநாடு போக வேண்டாம். எண்ணூரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம், தண்டையார்பேட்டைக்கு.

அங்கே கருணாலயா என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. தெருவோரக் குழந்தைகளுக்காக 1995 முதல் வேலை செய்கிறார்கள். வடசென்னையில் வால்டாக்ஸ் சாலை, பிராட்வே பக்கம் ராத்திரி போனவர்களுக்குத் தெரியும். நடைபாதையில் தார்ப்பாய் கட்டி, தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்தது இந்த நிறுவனம்.

தெருவோரக் குழந்தைகளுக்கென்றே உலகக் கோப்பை நடக்கிறது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. 2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கால்பந்துப் போட்டியாகத் தொடங்கியது. 2014இல் பிரேசிலில் நடந்தபோது 19 நாடுகளிலிருந்து 230 பிள்ளைகள் வந்தார்கள். நம் வடசென்னைப் பையன்களும் போனார்கள். 2016இல் அதே பிரேசிலில் ஓட்டப்பந்தயத்தில் நம் பிள்ளைகள் ஓடினார்கள். 2018இல் நம் பெண் பிள்ளைகள் மாஸ்கோவில் கால்பந்து ஆடினார்கள். அடுத்த வருடம் கிரிக்கெட். 2019 மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இறுதிப்போட்டி. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. அதில் சென்னைப் பிள்ளைகள் இடம்பெற்ற தென்னிந்திய அணி இங்கிலாந்து அணியைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. 2023 செப்டம்பரில் அந்தப் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது.

கோப்பை வாங்கியது சந்தோஷம்தான். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் போட்டிகளில் ஆட்டம் பாதி, பேச்சு பாதி. பல நாட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து, எங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே பேசி, கோரிக்கை எழுதுகிறார்கள். பள்ளிக்கூடம், அடி உதை இல்லாத வாழ்க்கை, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று போகும் அந்தக் கோரிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று. "நான் இன்னார் என்பதற்கு எனக்கு ஒரு சான்று வேண்டும்."

ஏன் அப்படி? வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதியும் முகவரியும் வேண்டும். நடைபாதையில் பிறந்த பிள்ளைக்குக் கதவு எண் எது? திறமை இருந்தும், காகிதம் இல்லாததால் பிள்ளை இங்கேயே நின்றுவிடக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 15 கோடிப் பிள்ளைகளின் பிறப்பு பதிவே ஆகவில்லை என்று 2024இல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது. வறுமை என்றால் நாம் அரிசிப் பானையைத்தான் நினைக்கிறோம். பெயர் எழுதாத காகிதமும் வறுமைதான்.

இது நடைபாதைக்காரர்கள் கதை, நமக்கு வீடு வாசல் இருக்கே என்று நினைக்கிறீர்களா? எங்கள் குழுவிலேயே நடந்ததைக் கேளுங்கள். ஓர் அக்காவின் மகன் நல்லா ஓடுவான். மணலில் ஓடிப் பழகிய கால். வயது வாரியாக நடக்கும் ஒரு போட்டிக்குத் தேர்வு செய்தார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். அதில் அம்மா பெயர், அப்பா பெயர், தேதி எல்லாம் இருந்தது. குழந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் காலி! ஆஸ்பத்திரியில் பிறந்த வேளையில் பெயர் வைக்கவில்லை, அப்புறம் யாரும் எழுதவில்லை. "இது உங்க பையன்தான்னு எப்படி நம்புறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலைந்து திரிந்து பெயர் சேர்த்து வருவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. பையன் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். பிள்ளை பிறந்து 21 நாளைக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருடம் வரை அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வரை போக வேண்டும், அலைச்சல்தான். பதிவு செய்து ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

எங்கே கேட்பது என்பதில்தான் நம் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். பிள்ளை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருந்தால் அந்த ஊர். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் சென்னை மாநகராட்சி. கிராமத்தில் வீட்டில் பிறந்திருந்தால் வி.ஏ.ஓ. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அங்குள்ள சுகாதார ஆய்வாளர். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று இந்த ஒன்றுதான் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் வருடா வருடம் மியூசிகல் சேர், லெமன் ஸ்பூன், கோலப்போட்டி வைக்கிறோம். பரிசாக எவர்சில்வர் டப்பா கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், கலைகிறோம். (டப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, என்னிடமே நாலு இருக்கிறது!) இந்த முறை பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைப்போம். நம் பிள்ளைகளே ஓடட்டும். பெயர் கொடுக்கும் மேசையில் பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்வோம். இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் ஓடவிடாமல் நிறுத்தக் கூடாது, அந்தப் பெயரைத் தனி நோட்டில் எழுதிக்கொள்வோம். மேடைக்கு அதிகாரிகள் வரும்போது, "நம்ம ஊரில் இத்தனை பிள்ளைகளுக்குச் சான்றிதழ் இல்லை, இத்தனை பேருக்குச் சான்றிதழில் பெயர் இல்லை" என்று மைக்கில் படிப்போம். படிக்க வேண்டியது ஊக்குநர் அல்ல, அந்தப் பிள்ளையின் தாய். மனுக்களை அங்கேயே கையில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குவோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த நோட்டைத் திறந்து, எத்தனை முடிந்தது என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால், வரும் வாரக் கூட்டத்துக்கு ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டிலுள்ள சான்றிதழ்களை எடுத்து வாருங்கள். பெயர் இருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டட்டும். தீர்மான நோட்டில் கணக்கு எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள்.