ரிமாண்ட் அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள்

சிதம்பரம், கடலூர் நீதிமன்றங்களில் புதிதாகக் கறுப்புக் கோட்டு போட்டிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். செக் கேஸ், விபத்துக் கேஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, என்றாவது ஒரு நாள் ஊபா சட்டத்தில் கைதானவனின் அம்மா உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அன்றைக்குச் சட்டப் புத்தகத்தைத் தேட நேரம் இருக்காது.

1. வக்காலத்து வாங்கத் தயங்காதீர்கள். "தீவிரவாதிக்கு ஆஜராகிறான்" என்று ஊர் பேசும். சங்கத்தில் தீர்மானம்கூடப் போடுவார்கள். அப்படிப்பட்ட தீர்மானம் செல்லாது என்று 2010 டிசம்பரில் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கு அது. அங்கே வழக்கறிஞர்கள் ஆஜராக மாட்டோம் என்று தீர்மானம் போட்டது போலீஸ்காரர்களுக்கு! அவர்களுக்கும் வழக்கறிஞர் உண்டு என்றுதான் நீதிமன்றம் சொன்னது.

2. கைது என்று தெரிந்த இரவே கிளம்புங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். பல நேரம் அது மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில், ராத்திரியில் நடக்கும். "அடித்தார்களா?" என்று கேட்கும்போது அடித்தவரே பின்னால் நின்றுகொண்டிருப்பார், அவன் இல்லை என்றுதான் சொல்வான். அவனுடைய உள்ளங்காலைப் பாருங்கள், மணிக்கட்டைப் பாருங்கள். நடக்கும்போது குதிகாலை ஊன்றுகிறானா என்று பாருங்கள். கண்டதை மனுவாக எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் அனுப்பக் கேளுங்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுக்காத கைது செல்லாது என்பது 2024 மே மாதத்தில் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் ஊபா கைதுக்கே சொல்லப்பட்டது.

1992-ல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒருவர் இறந்ததையும், அவர் மனைவிக்கு நடந்த கொடுமையையும் சிதம்பரம் மறக்கவில்லை. அது தீவிரவாத வழக்குகூட இல்லை.

3. போலீஸ் எழுதிய வாக்குமூலத்தை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தடா சட்டத்தில் எஸ்.பி. பதிவுசெய்த வாக்குமூலமே சாட்சியமாக இருந்தது. ராஜீவ் காந்தி வழக்கில் 1998-ல் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. தடா குற்றமே நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டு, தடாவில் எடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன், தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று சொன்னார். அந்த வரியைத் தான் பதிவுசெய்யவில்லை என்று, வாக்குமூலம் எடுத்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-ல் வெளியில் சொன்னார். ஒரு வரி விட்டுப்போனது. பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம். அதற்குள் 30 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

ஊபாவில் அந்தப் பிரிவு இல்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. ஆனால் "அவன் சொல்லித்தான் இந்தப் பொருளை எடுத்தோம்" என்று ஒரு மகஜர் வரும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

4. நாளை எண்ணுங்கள். ஊபாவில் குற்றப்பத்திரிகைக்கு 90 நாள். அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்து, நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் 180. நீட்டிப்பு கேட்கும் அன்றைக்குக் கைதியை ஆஜர்படுத்திச் சொல்ல வேண்டும் என்பது 2022-ல் வந்த ஜிகர் தீர்ப்பு. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். கெடு முடிந்த மறுநாள் காலையில் ஸ்டாட்யூட்டரி பெயில் மனு உங்கள் கையில் தயாராக இருக்கட்டும். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் உரிமை போயிற்று.

5. மற்றபடி ஜாமீன் கஷ்டம்தான். ஆனாலும் விசாரணை இழுத்துக்கொண்டே போனால், சட்டத்தின் தடையையும் மீறி ஜாமீன் தரலாம் என்று 2021-ல் நஜீப் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. கோவை குண்டுவெடிப்பில் கைதான மதானி 9 ஆண்டுகள் ஜாமீன் இல்லாமல் இருந்து, 2007 ஆகஸ்டில் விடுதலையானார். அந்த 9 ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

6. அந்தக் குண்டுவெடிப்பில் 58 பேர் செத்தார்கள். அவர்களுடைய குடும்பங்களைப் பற்றி நீதிமன்றத்தில் ஒரு வார்த்தை இளக்காரமாகப் பேசாதீர்கள். தவறான ஆளை உள்ளே வைத்தால் செய்தவன் வெளியில் இருக்கிறான். அது அந்தக் குடும்பங்களுக்கும் அநியாயம்.

7. கேப்பர் மலைக்கு அடிக்கடி போங்கள். கடலூர் மத்திய சிறையில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். பொடா காலத்தில் பழ. நெடுமாறன் ஒரு மேடைப் பேச்சுக்காக ஓராண்டுக்கும் மேல் அடைபட்டது அங்கேதான். அதற்கும் முன்னால், 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதியைப் பிடித்து, டிசம்பர் 14 வரை கடலூரில் வைத்திருந்தார்கள். விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. வழக்கறிஞர்களும் நண்பர்களும் அலைந்துதான் அவர் வெளியே வந்தார்.

8. வழக்கு என்.ஐ.ஏ.வுக்குப் போனால் பூந்தமல்லிக்கு மாறிவிடும். உங்கள் பெயர்கூட வழக்குக் கட்டில் இல்லாமல் போகலாம். ஆனால் முதல் ரிமாண்டில் நீங்கள் போட்ட மனு கட்டில் இருக்கும். மூன்று ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணை செய்பவர் அதைத்தான் கையில் எடுப்பார்.

9. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. கசாப்பின் தூக்கை உறுதிசெய்த 2012 தீர்ப்பிலேயே, முதல் தடவை ஆஜர்படுத்தும்போது இதைக் கைதியிடம் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று எழுதியிருக்கிறார்கள். சொல்வதற்கு மாஜிஸ்திரேட் இருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நிற்க ஆள்தான் வேண்டும். கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், சிதம்பரத்தில் இருப்பவர்கள் வட்டக் குழுவிலும், இந்த வாரமே உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.